சேவைக்குப் போகிறவர் கேள்வி கேட்கக் கூடாதா?

திருச்சிப் பக்கம் இருந்து ஒரு செவிலியர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 32. பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர். ஒரே தனியார் மருத்துவமனையில் 9 ஆண்டு 4 மாதமாக வேலை பார்க்கிறார். முதலில் பிரசவ வார்டு, அப்புறம் ஐ.சி.யூ. இப்போது சம்பளம் 26,000 ரூபாய். திருமணம் ஆகவில்லை. அப்பா 2021 மே மாதம் கொரோனாவில், இவர் வேலை பார்த்த அதே ஐ.சி.யூ.வில் இறந்துபோனார். அம்மாவுக்கு 63 வயது. சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. தம்பிக்குத் திருப்பூரில் வேலை.

ஒரு தொண்டு நிறுவனம் இவரை உகாண்டாவின் வடமேற்கு மூலைக்கு, தெற்கு சூடான் அகதிகள் வாழும் பகுதியை ஒட்டிய ஒரு கிராம மருத்துவமனைக்கு, இரண்டு ஆண்டுத் தன்னார்வச் செவிலியராகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவுக்கு மாதம் 250 டாலர். பயிற்சி, பிராசஸிங் என்று 85,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். டூரிஸ்ட் விசாவில் வந்துவிட்டால் அங்கே மாற்றிக்கொள்ளலாமாம். போய்ச் சேர்ந்ததும் பாஸ்போர்ட்டை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டுமாம். கிளம்ப இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது.

அவருடைய கேள்விகள் இவை. சிறு வயதில் இரண்டு தடவை மலேரியா வந்ததால் எதிர்ப்புச் சக்தி இருக்கும்தானே? அப்பா போன பிறகு எட்டு மாதம் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டதை மருத்துவப் படிவத்தில் எழுதாமல் விட்டால் தப்பா? வேலையை ராஜினாமா செய்யலாமா? 'இடி அமீன் நாட்டுக்கா போகிறாய், சேவை செய்யணும்னா இங்கேயே செய்' என்று தாய்மாமா சொல்வதற்கு என்ன பதில்? கடைசியாக ஒரு வரி: 'சம்பளத்துக்காகப் போகவில்லை டாக்டர், சேவைக்காகப் போகிறேன். இன்சூரன்ஸ், ஒப்பந்தம் என்றெல்லாம் கேட்டால் அசிங்கமாக இருக்காதா?'

அன்புள்ள சகோதரி,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மற்றக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் வேர் அதில்தான் இருக்கிறது. அசிங்கமே இல்லை, கேளுங்கள். நீங்கள் வாங்கப்போவது கைச்செலவுப் பணமாக இருந்தாலும், செய்யப்போவது முழு நேரச் செவிலியர் வேலை. உங்கள் கையால் ஊசி போட்டுக்கொள்ளப்போகும் பெண்ணுக்கு, நீங்கள் சம்பளக்காரரா தன்னார்வலரா என்பது ஒரு பொருட்டே இல்லை. உங்களுக்குப் பதிவு இருக்கிறதா, உடம்பு முடியாமல் போனால் உங்களைப் பார்க்க ஆள் உண்டா, ராத்திரி டியூட்டியில் கேட்டால் வர ஒரு டாக்டர் உண்டா என்பதெல்லாம் அந்தப் பெண்ணின் உயிரையும் சேர்த்த விஷயம். நல்ல நிறுவனம் இந்தக் கேள்விகளை எதிர்பார்க்கும். கேட்டதற்கு முகம் சுளித்தால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கு உகாண்டாவில் ஒரு மருத்துவமனையில் நான் இரண்டு ஆண்டு இருந்தேன். அதனால் புத்தகத்தில் இல்லாத சிலவற்றையும் சொல்ல முடியும்.

பணம், விசா, பாஸ்போர்ட்

85,000 ரூபாய் கேட்டதாலேயே அவர்கள் மோசடிக்காரர்கள் என்று சொல்லிவிட மாட்டேன். தன்னார்வலரே தன் செலவை ஏற்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லி நடக்கும் நேர்மையான அமைப்புகள் இருக்கின்றன. மருத்துவக் கப்பல்களை நடத்தும் மெர்சி ஷிப்ஸில் பணியாளர்களே தங்கும் செலவுக்கு மாதக் கட்டணம் கட்டுகிறார்கள். ஐ.நா. தன்னார்வலர் திட்டம் இதற்கு நேர் எதிர். எந்தக் கட்டத்திலும் அவர்கள் ஒரு பைசா வாங்குவதில்லை. அவர்கள் பேரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் அது பொய். ஆக, பணம் எதற்கு என்பதுதான் கேள்வி. டிக்கெட்டுக்கு இவ்வளவு, இன்சூரன்ஸுக்கு இவ்வளவு, அனுமதிக் கட்டணம் இவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் போக முடியாமல் போனால் எவ்வளவு திரும்ப வரும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். நடுவில் ஏஜென்ட் யாராவது இருந்தால், அவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட்கூட 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தாண்டிச் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது.

டூரிஸ்ட் விசா விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்த விசாவில் போய் வார்டில் நிற்காதீர்கள். தொண்டு நிறுவனப் பணியாளர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் உகாண்டாவில் முறையான பணி அனுமதி இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது உங்களை அழைக்கும் நிறுவனம். சோதனை வந்தால் மாட்டிக்கொள்வது நிறுவனத்து டைரக்டர் இல்லை, நீங்கள்தான்.

பாஸ்போர்ட்டை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. உங்களிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதைப் பிடித்துவைக்க எந்த நிறுவனத்துக்கும் உரிமை கிடையாது. அனுமதி முத்திரைக்காக இரண்டு நாள் கேட்டால் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இரண்டு ஆண்டும் அலுவலக பீரோவில் இருக்கும் என்றால் வேண்டாம். கம்பாலாவில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. போய்ச் சேர்ந்த வாரமே உங்கள் பெயரையும் இடத்தையும் அங்கே பதிவு செய்துவிடுங்கள்.

இன்னொன்று. சவுதி, குவைத் போன்ற 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் செவிலியர் குடிபெயர்வு அனுமதி வாங்கியே ஆக வேண்டும். உகாண்டா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பக்கத்தில் இருக்கும் தெற்கு சூடான் இருக்கிறது. 'ஒரு மாதம் எல்லைக்கு அந்தப் பக்கக் கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று வாய்மொழியாக அனுப்பப் பார்ப்பார்கள். சட்டமும் பாதுகாப்பும் இன்சூரன்ஸும் அங்கே எல்லாமே வேறு. உங்கள் வேலை எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் என்று ஒப்பந்தத்தில் பெயரோடு இருக்க வேண்டும்.

அங்கே நீங்கள் செவிலியரா?

தமிழ்நாட்டுக் கவுன்சிலில் பதிவு செய்திருப்பதால் எங்கேயும் வேலை பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. உகாண்டாவுக்கென்று தனி செவிலியர் கவுன்சில் இருக்கிறது. அதில் பதிவு ஆகும்வரை நீங்கள் அங்கே செவிலியர் இல்லை. இங்குள்ள கவுன்சிலிலிருந்து நன்னடத்தைச் சான்று வாங்க வேண்டும், படிப்புச் சான்றிதழ்கள் சரிபார்க்கப்பட வேண்டும். ஏழு வாரத்தில் இதெல்லாம் முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பயணத்தைத் தள்ளிப்போட இது ஒன்றே போதுமான காரணம்.

கொஞ்சம் சங்கடமான ஒரு விஷயமும் உண்டு. உகாண்டாவில் நன்றாகப் படித்த செவிலியர்கள் வேலை கிடைக்காமல் இருக்கிறார்கள். அங்கே ஆள் இல்லை என்பதைவிட, சம்பளம் கொடுத்து அவர்களை வைத்துக்கொள்ளப் பணம் இல்லை என்பதே சரி. நீங்கள் போய் ஓர் உள்ளூர்ச் செவிலியர் செய்ய வேண்டிய வேலையை இலவசமாகச் செய்தால், அது யாருக்குச் சேவை? உங்களிடம் ஐ.சி.யூ. அனுபவம் இருக்கிறது. பிறந்ததும் மூச்சு விடாத குழந்தையை மீட்கத் தெரியும். அதைப் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையாக உங்கள் பொறுப்பு அமைந்திருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் திரும்பி வந்த பிறகு அந்த வேலையை யார் செய்வார்கள் என்பதையும் கேளுங்கள்.

ஆங்கிலம் போதும் என்று நினைக்கிறீர்கள். டாக்டர்களிடமும் கேஸ் ஷீட்டிலும் போதும். அந்த வட்டாரத்துப் பெண்கள் பேசுவது லுக்பாராவும் அரிங்காவும். எல்லை தாண்டி வந்தவர்கள் பலர் ஜூபா அரபி பேசுவார்கள். வலியில் கத்தும் பெண்ணிடம் 'இப்போ முக்கு, இப்போ நிறுத்து' என்று சொல்ல மொழிபெயர்ப்பாளரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. முதல் மாதமே பத்து வாக்கியம் கற்றுக்கொள்ளுங்கள். லுக்பாராவில் நன்றி சொல்ல 'அவாடிஃபோ'. நான் முதலில் கற்ற சொல் அது. அதைச் சொன்னதும் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவே இல்லை.

மலேரியா பற்றி நீங்கள் நினைப்பது தவறு

சிறு வயதில் நமக்கு இங்கே வருவது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. உகாண்டாவில் மிகுதி ஃபால்சிபாரம். மூளையைத் தாக்கும், சில நாளிலேயே ஆளைக் கொல்லும் வகை. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து கிடைக்கும் ஓரளவு எதிர்ப்புச் சக்திகூட, சில ஆண்டு வெளியூரில் இருந்துவிட்டால் போய்விடும். இருபது வருடத்துக்கு முன்னால் வந்த இரண்டு காய்ச்சல் உங்களைக் காப்பாற்றாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தாம் மாதம் நான் மலேரியாத் தடுப்பு மாத்திரையை விட்டுவிட்டேன். மறந்துவிடவில்லை, நல்லாத்தானே இருக்கிறோம் என்ற எண்ணம். ஒரு வியாழக்கிழமை இடுப்பு வலித்தது, ராத்திரி டியூட்டியின் களைப்பு என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை ரவுண்ட்ஸில் நிற்க முடியவில்லை. வார்டுச் செவிலியர் என்னைக் கேட்கவே இல்லை. விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைப் பரிசோதனைப் பட்டையில் விட்டு ஸ்டீல் தட்டில் வைத்தார். கால் மணி நேரத்தில் முதல் கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது கோடு மெல்லச் சிவந்து வந்தது. மலேரியாதான். அந்த அம்மா அன்றைக்கு அப்படிச் செய்திருக்காவிட்டால், நான் களைப்பு என்று சொல்லிக்கொண்டே போய்ப் படுத்திருப்பேன்.

அதனால் தடுப்பு மாத்திரை, மருந்து தோய்த்த கொசுவலை, முழுக்கைச் சட்டை மூன்றும் வேண்டும். காய்ச்சல் வந்தால் 24 மணி நேரத்துக்குள் பரிசோதனை. திரும்பி வந்து ஆறு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தால்கூட, உகாண்டாவில் இருந்தேன் என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் உகாண்டாவுக்குள் நுழைய முடியாது. போய்ச் சேர்வதற்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் போட்டிருக்க வேண்டும். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். எந்த நாளில் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். முட்டை அலர்ஜி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மஞ்சள் நிறச் சான்றுப் புத்தகத்தைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள். அது இல்லாமல் திரும்பினால் இந்தியாவிலும் ஆறு நாள்வரை தனிமையில் வைப்பார்கள்.

ஹெபடைடிஸ் பி ஊசி போட்டிருப்பீர்கள். ஆனால் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு இருக்கிறது என்று ரத்தத்தில் பாருங்கள். மெனிஞ்சைட்டிஸ் என்ற மூளைச்சவ்வுக் காய்ச்சலுக்கான ஊசி, வெறிநாய்க்கடி முன்தடுப்பு ஊசி இரண்டும் அந்தப் பகுதிக்குத் தேவை. குளத்திலும் ஏரியிலும் ஆற்றிலும் இறங்கிக் குளிக்காதீர்கள். காவிரிக் கரையில் வளர்ந்தவரிடம் இதைச் சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது. அங்கே நன்னீர் நத்தைகளிலிருந்து வரும் பில்ஹார்சியா என்ற புழு தோல் வழியாகவே உடம்புக்குள் நுழைந்துவிடும். இங்கே நமக்குப் பழக்கமே இல்லாத நோய் அது.

எச்.ஐ.வி. தொற்று உள்ள பெண்களுக்கும் பிரசவம் பார்ப்பீர்கள். ஊசி குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த மருந்து மருத்துவமனையிலேயே ராத்திரியும் கிடைக்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அங்கிருந்து கம்பாலா சுமார் 500 கிலோமீட்டர். அவசரத்தில் உங்களைத் தலைநகருக்கோ நைரோபிக்கோ கொண்டுபோகும் செலவை ஏற்கும் இன்சூரன்ஸ் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

அந்த எட்டு மாத மாத்திரை

மறைக்காதீர்கள். மனச்சோர்வு வந்து குணமானவர் என்பதற்காக உங்களை யாரும் தகுதியில்லாதவர் ஆக்கிவிட முடியாது. ஆனால் மறைத்தது பிற்பாடு தெரிந்தால், உங்களுக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள். அதைவிட முக்கியம் இன்னொன்று. மலேரியாத் தடுப்புக்குக் கொடுக்கப்படும் மெஃப்ளோகுயின் என்ற வாரம் ஒரு மாத்திரை, மனச்சோர்வோ பதற்றமோ இருந்தவர்களுக்கு ஆகாது. கெட்ட கனவு, பயம், சில பேருக்கு அதற்கு மேலும் வரும். டாக்டரிடம் உள்ளதைச் சொன்னால் டாக்சிசைக்ளினோ வேறொன்றோ எழுதிக்கொடுப்பார். மறைத்தால் மெஃப்ளோகுயின் உங்கள் கைக்கு வந்துவிடக்கூடும்.

உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன். 'ஒன்பதாம் நம்பர் பெட்டைத் தாண்டும்போதெல்லாம் அப்பா படுத்திருப்பதுபோல இருக்கிறது. இங்கிருந்து போய்விட்டால் போதும்' என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, துக்கத்திலிருந்து விலகிப் போக நினைப்பது தப்பில்லை. ஆனால் அந்த மருத்துவமனையிலும் ஒன்பதாம் நம்பர் பெட் இருக்கிறது. கரண்ட் போய் ஆக்சிஜன் இயந்திரம் நிற்கும். இங்கே பிழைத்திருக்கக்கூடிய குழந்தை அங்கே உங்கள் கையில் போகும். அப்போது பேச, அழ, தமிழில் ஒரு வார்த்தை சொல்ல பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். உங்களைப் பார்த்த மனநல மருத்துவரிடம் ஒரு தடவை போய் இந்தப் பயணத்தைப் பற்றியே பேசுங்கள். அவர் போகலாம் என்று எழுதிக்கொடுத்தால் அதைப் படிவத்தோடு இணையுங்கள்.

இந்த இடத்தில் உங்கள் மாமா சொல்வதில் எனக்குக் கொஞ்சம் உடன்பாடு உண்டு, அவர் சொல்லும் காரணத்துக்காக இல்லை. உகாண்டாவின் சர்வாதிகாரியாக இருந்த இடி அமீன் ஆசியர்களை விரட்டியது 1972இல். அவரே 1979இல் விரட்டப்பட்டார். இன்றைக்கு உகாண்டாவில் நிறைய இந்தியர்கள் தொழில் செய்கிறார்கள். பயப்பட வேண்டியது அமீனை இல்லை. எல்லை நிலவரத்தையும் எபோலாவையும் கவனியுங்கள். 2022இலும் 2025இலும் அங்கே எபோலா வந்து அடங்கியது. அப்படி வந்தால் தன்னார்வலர்களை வெளியே அனுப்புவார்களா, பாதுகாப்பு உடையும் பயிற்சியும் கொடுத்து வைத்துக்கொள்வார்களா என்பதும் கேட்க வேண்டியதே. நான் உடன்படுவது எதில் என்றால், முதலில் மூன்று மாதம் இங்கேயே பார்க்கலாம் என்பதில். நீலகிரி மாவட்டம் கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை இருக்கிறது. தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கியில் பழங்குடி மக்களுக்கான மருத்துவமனை இருக்கிறது. வசதி குறைந்த இடத்தில், வீட்டை விட்டுத் தள்ளி, உங்கள் மனசு எப்படி இருக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும். மூன்று மாதம் கழித்தும் உகாண்டா வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போங்கள்.

வேலையும் அம்மாவும்

இன்றைக்கு ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள். பி.எஃப்.போடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் 10 ஆண்டு சேவை இருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் ஆனதை ஒரு முழு ஆண்டாக எண்ணுவார்கள் என்பதால், 9 ஆண்டு 6 மாதம் தாண்டினாலே அது பத்தாகிவிடும். உங்களுக்கு அதற்கு இன்னும் இரண்டு மாதம்தான் பாக்கி! அதையும் தாண்டி ஒரு மாதம் சேர்த்தே இருங்கள். முதலில் சம்பளமில்லா விடுப்பு எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் விலகும்போது அனுபவச் சான்றும் விடுவிப்புக் கடிதமும் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். பி.எஃப். பணத்தை எடுத்து அந்த 85,000த்தைக் கட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

'அம்மா ஒன்றும் சொல்லவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கணவரை அந்த ஐ.சி.யூ.வில் விட்டவர் அவரும்தான். தம்பியையும் கூப்பிட்டு வைத்து மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசுங்கள். ராத்திரி சர்க்கரை இறங்கினால் முதல் போன் யாருக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் எந்தக் கணக்கில், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனைக்கு யார் கூட்டிப்போவது என்று பெயர் போட்டு முடிவு செய்யுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவைச் சேர்த்துவிட்டால் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். உகாண்டா நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே ராத்திரி எட்டு மணி என்றால் அங்கே மாலை ஐந்தரை, உங்கள் பகல் டியூட்டி முடிந்திருக்கும். அந்த நேரத்தை அம்மாவுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பணி அனுமதியும் உகாண்டாக் கவுன்சில் பதிவும் கிடைத்த பிறகே கிளம்புவேன் என்று முதல் வரியில் எழுதுங்கள். கட்டண விவரம், இன்சூரன்ஸ் நகல், வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை, விடுமுறை, நடுவில் திரும்ப வேண்டியிருந்தால் டிக்கெட் யார் செலவு, முன்பு அங்கே இருந்த இரண்டு தன்னார்வலர்களோடு பேச வழி என இவற்றை வரிசையாகக் கேளுங்கள். பாஸ்போர்ட் என்னிடமே இருக்கும் என்று கடைசி வரியில் எழுதுங்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். அதுவரை பணம் கட்ட வேண்டாம். பதில் வந்தால் ஒப்பந்த நகலோடு எனக்கு அனுப்புங்கள், வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.